ரோசியோஃபிளேவின் பிளேட்டில் எல்லாமே வளர்கிறது: பி2 கூடுதலாகச் சுரக்கும் பாக்டீரியாவைப் பிடிப்பது எப்படி?

புளிச்சமாவு | ஜூன் 12, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட் நடுவழியில் நிற்கிறது, உதவி வேண்டும்.

எங்கள் வீட்டு இட்லி மாவிலிருந்து லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். அம்மா ராத்திரி அரைத்து வைத்த மாவு, விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றபோது ஒரு ஸ்பூன் எடுத்தேன். 16எஸ் வரிசை பார்த்து இனத்தை உறுதி செய்தாகிவிட்டது.

திட்டம் இதுதான். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் நுழைக்காமல், இதே பாக்டீரியாவை ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, கூடுதலாகச் சுரக்க வைக்க வேண்டும். ரோசியோஃபிளேவின் என்ற மருந்து கலந்த பிளேட்டில் தேய்த்து, பிழைத்து வரும் காலனிகளை எடுத்தால் அவற்றில் அதிகம் சுரப்பவை கிடைக்கும் என்று படித்தேன். வழிகாட்டியும் சரி என்றார். லாக்டிக் பாக்டீரியா வளர்க்கும் எம்.ஆர்.எஸ். அகார் மீடியத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டேன். மருந்து வந்து சேரவே இரண்டு மாதம் ஆனது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிளேட் முழுக்கப் பாய் விரித்த மாதிரி வளர்ந்திருக்கிறது. மருந்து போடாத பிளேட்டுக்கும் போட்ட பிளேட்டுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து கெட்டுப்போய்விட்டதா? இல்லை, என் ஸ்ட்ரெய்னுக்கு, அதாவது நான் பிரித்த இந்த வகைக்கு, இயற்கையிலேயே எதிர்ப்பு இருக்கிறதா? மீதி இருக்கும் மருந்து நாலு பிளேட்டுக்குத்தான் வரும். அதையும் வீணாக்கப் பயமாக இருக்கிறது.


உறைமோர் | ஜூன் 12, இரவு 10:25

தம்பி, மருந்து கெடவில்லை. மீடியம்தான் காரணம். எம்.ஆர்.எஸ்.ஸில் என்னென்ன சேருகிறது என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஈஸ்ட் சாறு, இறைச்சிச் சாறு, பெப்டோன். ஈஸ்ட் சாறு என்றாலே பி வைட்டமின் கூட்டம். நீங்கள் ஒரு கையால் விஷத்தையும் மறு கையால் மாற்று மருந்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். ரோசியோஃபிளேவின் ஜெயிப்பதே உண்மையான ரைபோஃபிளேவின் பக்கத்தில் இல்லாதபோதுதான்.

மீதி மருந்தைத் தொடாதீர்கள். முதலில் ரைபோஃபிளேவின் துளியும் இல்லாத வேதி வரையறை மீடியம் தயார் செய்யுங்கள். அமினோ அமிலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்துப் போட வேண்டும், ஒரு நாள் போய்விடும். லியூகோனோஸ்டாக் சாப்பாட்டில் ரொம்பப் பிகு பண்ணும் ஜாதி, அதனால் அமினோ அமிலங்களையும் மற்ற வைட்டமின்களையும் முழுசாகக் கொடுங்கள். பி2 மட்டும் கூடாது. மருந்து சேர்ப்பதற்கு முன்னால், அந்த மீடியத்தில் உங்கள் ஸ்ட்ரெய்ன் மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி ஊற்றியும் வளர்கிறதா என்று பாருங்கள். வளரவில்லை என்றால் அதனிடம் பி2 செய்யும் மரபணுக்களே முழுசாக இல்லை என்று அர்த்தம். அப்போது இந்த ஸ்ட்ரெய்னை விட்டுவிட்டு வேறு தேடுவதுதான் வழி.

இது அபூர்வமான விஷயம் இல்லை. லாக்டோபேசிலஸ் பிளான்டாரத்தில் எல்லோரும் வைத்து வேலை பார்க்கும் டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 ஸ்ட்ரெய்னிலேயே பி2 ஓப்பரானின், அதாவது பி2 செய்யும் மரபணு வரிசையின், முன்பகுதி காணாமல் போயிருக்கிறது. அதே இனத்தில் வேறு ஸ்ட்ரெய்ன்களில் முழுசாக இருக்கிறது. இனத்தின் பெயரைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.


தென்றல் | ஜூன் 13, காலை 7:05

நான் இந்தத் துறை இல்லை, வீட்டில் மாவு அரைப்பவள். விஷத்தைப் போட்டுப் பிழைத்து வந்ததை ஏன் வைட்டமின் அதிகம் தரும் என்கிறீர்கள்? அந்த விஷம் சாப்பாட்டுக்குள் வராதா? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.


உறைமோர் | ஜூன் 13, காலை 11:50

நல்ல கேள்வி அம்மா. இதுதான் விஷயத்தின் மையம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து இருக்கிறது அல்லவா? தொட்டி நிரம்பினால் பந்து மேலே வந்து குழாயை அடைக்கும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கி வழி திறக்கும். பாக்டீரியாவும் பி2 விஷயத்தில் இதைத்தான் செய்கிறது. அதற்குத் தேவையானது துளியளவு. தேவைக்கு மேல் செய்வது அதற்கு வீண் செலவு, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஜி.டி.பி. என்ற விலை உயர்ந்த பொருளைக் கரைக்க வேண்டும். ஆகவே போதுமான அளவு வந்ததும் அடைத்துவிடும். நாம் ஆசைப்படும் உபரி வைட்டமின் கிடைக்காமல் போவது இந்த மிதவையால்தான்.

அந்த மிதவை ஒரு புரதம் கூட இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. பி2 செய்யும் நான்கு மரபணுக்கள், பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் ரிப் ஜி, பி, ஏ, எச் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கும்போது உருவாகும் தூது ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதி, மரபணு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்த வெற்று நீளம், தானாகவே மடிந்து ஒரு பை மாதிரி ஆகிறது. ரைபோஃபிளேவினிலிருந்து செல் செய்துகொள்ளும் எஃப்.எம்.என். அந்தப் பையில் போய் உட்கார்ந்தால் ஆர்.என்.ஏ. வேறு மாதிரி மடிந்து, ‘இதோடு நிறுத்து’ என்ற கொண்டை ஊசி வளைவு உருவாகிறது. படியெடுப்பு பாதியில் அறுந்துவிடும். எஃப்.எம்.என். குறைவாக இருந்தால் அந்த வளைவு உருவாகாது, நான்கு மரபணுவும் முழுசாகப் படியெடுக்கப்படும். இதற்கு ரைபோசுவிட்ச் என்று பெயர். 2002ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழுவும், அதே ஆண்டு நியூயார்க்கில் இன்னொரு குழுவும், புரதத்தின் உதவியே இல்லாமல் ஆர்.என்.ஏ. நேராக எஃப்.எம்.என்.னைப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். அதற்கு முன்னால் பல வருடம் இந்த ஓப்பரானை அடக்கும் புரதம் எங்கே என்று பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் தேடியிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இப்போது ரோசியோஃபிளேவினுக்கு வருவோம். அதுவும் ஒரு மண் பாக்டீரியா செய்வதுதான். பிலிப்பைன்ஸின் தாவோ பகுதி மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் அது, பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. ரைபோஃபிளேவினின் அச்சில் வார்த்தது போலவே இருக்கும், ஒரே ஒரு மூலையில் மட்டும் மீதைல் இருக்கும் இடத்தில் டைமீதைல்அமினோ. நிறம் மஞ்சள் இல்லை, சிவப்பு. செல்லுக்குள் போனதும் இது பொய் எஃப்.எம்.என். ஆக மாறி அந்தப் பையில் உட்கார்ந்துகொள்ளும். தொட்டி காலியாக இருக்கும்போதே யாரோ பந்தைக் கையால் தூக்கிப் பிடித்த மாதிரி. வழி அடைபட்டு, பி2 இல்லாமல் செல் தவிக்கும். போதாததற்கு, ஃபிளேவின் தேவைப்படும் புரதங்களுக்குள்ளும் பொய்ச் சரக்கு போய் உட்கார்ந்து வேலையைக் கெடுக்கும்.

கோடிக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டுக்குத் தானாகவே பையின் எழுத்து ஒன்று மாறியிருக்கும். மிதவையின் தண்டு உடைந்துபோனது போல. யார் தூக்கினாலும் அதன் குழாய் அடையாது. அது மட்டும் பி2 செய்துகொண்டே இருக்கும், பொய்ச் சரக்கையும் தன் உற்பத்தியால் ஓரங்கட்டிவிடும். பிளேட்டில் பிழைத்து நிற்பது அதுதான். நமக்கு வேண்டிய பாக்டீரியாவும் அதுதான்.

விஷம் சாப்பாட்டுக்கு வராது. அது ஆளைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை மட்டும்தான். எடுத்த காலனியை மருந்தில்லாத மீடியத்தில் பலமுறை வளர்த்த பிறகுதான் பாலிலோ மாவிலோ போடுவார்கள்.


தென்றல் | ஜூன் 13, மதியம் 1:15

மிதவைப் பந்து சொன்னதும் புரிந்துவிட்டது. நன்றி ஐயா.


பத்தியம் | ஜூன் 13, மாலை 4:30

உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். தம்பி ஏன் பி2வைப் பிடித்தார் என்று கேட்க வந்தேன், பிறகு நானே பதிலும் சொல்லலாம் என்று தோன்றியது. தீட்டிய அரிசியே பிரதானமாகச் சாப்பிட்டு, பாலும் முட்டையும் கீரையும் குறைவாகச் சாப்பிடும் வீடுகளில் முதலில் தட்டுப்படும் குறைகளில் இது ஒன்று. வாய் ஓரம் இரண்டு பக்கமும் வெடித்து, நாக்கு சிவந்து வழவழப்பாகி, காரம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். இதோடு வரும் பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடுவார்கள். செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் கட்டாயம். பி2 கட்டாயம் இல்லை.

வயதுவந்தவருக்கு அமெரிக்கப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு 1.1 முதல் 1.3 மில்லிகிராம் போதும். பசும்பாலில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு வேளை இட்லியில் நாளின் தேவையில் கால் பங்கு கூடுதலாக வந்தாலே எனக்குப் பெரிய விஷயம். சூட்டுக்கு பி2 நன்றாகத் தாங்கும், ஆவியில் வேகவைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். வெயிலுக்குத்தான் தாங்காது. கண்ணாடி பாட்டிலில் பாலை வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

என் கேள்வி ஃபோலேட் பற்றி. கர்ப்பிணிகளுக்கு அதுதான் முக்கியம். அதையும் இதே வழியில் கூட்ட முடியுமா?


ஜீன்வண்டி | ஜூன் 13, இரவு 8:10

பத்தியம் அக்கா, ஃபோலேட்டுக்கு இந்த ரோசியோஃபிளேவின் வழி உதவாது. அங்கே நேரடியாக மரபணுவில் கைவைத்துக் கூட்டலாம், அதைத்தான் நெதர்லாந்தில் செய்தார்கள். 2003இல் சைபெஸ்மா, ஹூகன்ஹோல்ட்ஸ் குழு லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் ஃபோல் கே.இ. என்ற மரபணுவை மட்டும் அதிகமாக ஓடவிட்டது. அது ஜி.டி.பி.யை ஃபோலேட் பக்கம் திருப்பும் முதல் வாசல். வெளியே சுரக்கும் ஃபோலேட் ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது, மொத்தம் மூன்று மடங்கு. ஏன் இந்த வித்தியாசம்? செல்லுக்குள் இருக்கும் ஃபோலேட்டுக்கு குளூட்டமேட் வாலை நீளமாகக் கட்டிவிடுவது ஃபோல் சி. என்ற நொதி. வால் நீண்டால் சவ்வைத் தாண்டி வெளியே வராது. உற்பத்தி வேகமாக ஏறியபோது வால் கட்டும் வேலை பின்தங்கிவிட்டது, வாலில்லாதவை கசிந்து வெளியே வந்தன. அதே குழு மனித மரபணு ஒன்றைக் கொண்டு அந்த வாலை வெட்டவும் செய்து காட்டியது.

அடுத்த வருடம் இரண்டையும் சேர்த்தார்கள். ரோசியோஃபிளேவினில் பிழைத்த மியூட்டன்டில், அதாவது மரபணு மாறிய செல்லில், ஃபோலேட் மரபணுவையும் ஓடவிட்டு, ஒரே ஸ்ட்ரெய்ன் பி2வும் ஃபோலேட்டும் கூடுதலாகச் சுரந்தது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஜி.டி.பி.தான் என்றாலும் ஒன்று மற்றதைப் பட்டினி போடவில்லை.

பி2விலேயே நேரடிப் பொறியியலின் பலம் தெரியும். 2004இல் அயர்லாந்தின் கார்க்கில் காத்தரின் பர்ஜெஸும் டௌவே வான் சிண்டரனும், நெதர்லாந்து ஆட்களோடு சேர்ந்து, நான்கு ரிப் மரபணுவையும் நைசின் என்ற பொருளால் தூண்டி ஓடவிட்டபோது லிட்டருக்கு 24 மில்லிகிராம் வந்தது. தம்பியின் மியூட்டன்ட் முறையில் இந்த அளவை நெருங்கவே முடியாது. நேரம் மிச்சம், கணக்கும் துல்லியம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மரபணுவைச் சுமந்து செல்லும் வெக்டர் வழியே போவேன்.


விதைநெல் | ஜூன் 14, காலை 6:20

மரபணு மாற்றிய பாக்டீரியாவை இட்லி மாவில் போடச் சொல்கிறீர்களா? 2014இல் ஐரோப்பாவில் தீவனத்துக்கு வந்த பி2 பொடியிலேயே உயிருள்ள மரபணு மாற்றிய பேசில்லஸ் சப்டிலிஸ் இருந்ததை ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களும் இருந்தன. பொடியாக்கிச் சுத்தம் செய்த பொருளுக்கே இந்தக் கதி. மாவில் பாக்டீரியா உயிரோடு நம் தட்டு வரைக்கும் வருகிறது. தம்பி செய்வதும் இதுவும் ஒன்றா வேறா என்று யாராவது நேராகச் சொல்லுங்கள். நான் எதிர்க்க வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


உறைமோர் | ஜூன் 14, காலை 10:40

வேறு. நேராகவே சொல்கிறேன்.

தம்பி தேடும் மாற்றம் உங்கள் வீட்டு மாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நன்கு புளித்த மாவில் கிராமுக்கு நூறு கோடி லாக்டிக் பாக்டீரியா வரை இருக்கும். ஒரு தலைமுறையில் குறிப்பிட்ட ஓர் எழுத்து தவறும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று, அதற்கும் கீழே. பெருக்கிப் பாருங்கள். ஒரு கரண்டி மாவில் சுவிட்ச் உடைந்த செல்கள் சில இருக்கவே செய்யும். கூட்டத்தில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ரோசியோஃபிளேவின் அவற்றைச் செய்வதில்லை, பொறுக்கி எடுக்கிறது. இங்கே ஒட்டுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. மரபணுப் பொறியியல் பற்றிய நம் 1989ஆம் ஆண்டு விதிகளும் சரி, ஐரோப்பிய விதிகளும் சரி, தானாக நேர்ந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பதை மரபணு மாற்றம் என்று எண்ணுவதில்லை.

ஜீன்வண்டி சொன்னது ஆராய்ச்சிக்குச் சரி. எந்த வாசலில் நெரிசல், எதைத் திறந்தால் ஓடும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் அந்த 24 மில்லிகிராம் வந்தது குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பு சுமக்கும் வகை பிளாஸ்மிடை, அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையத்தை, வைத்து, ஆய்வுக்கூட மீடியத்தில். அதை அப்படியே உணவில் போட முடியாது. உணவுத்தரம் என்ற சொல்லைப் பலரும் ‘கெடுதல் செய்யாத பாக்டீரியா’ என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பாக்டீரியா நல்லதாக இருந்தால் போதாது. அதற்குள் நாம் வைக்கும் ஒவ்வொரு துண்டும் உணவு உலகத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், தேர்வுக்கு ஆன்டிபயாட்டிக் இருக்கக் கூடாது.

அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள், அது அழகான வேலை. பால் சர்க்கரையைச் சாப்பிட லாக்டோகாக்கஸுக்குத் தேவையான லாக் எஃப். மரபணுவைக் குரோமோசோமிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிளாஸ்மிடில் அதையே வைப்பார்கள். பிளாஸ்மிடை விட்ட செல் பாலில் பட்டினி கிடக்கும். தூண்டுவதற்குப் போடும் நைசினும் லாக்டோகாக்கஸே செய்யும் பொருள், பாலாடைக்கட்டியில் இ234 என்ற எண்ணோடு அனுமதிக்கப்பட்டது. இவ்வளவு நாசூக்காகச் செய்தாலும் சட்டப்படி அது மரபணு மாற்றிய உயிரிதான். அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும், அதுவே சரி என்பது என் கருத்து.

ஒரு பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் உறை கல்ச்சர் பார்த்தவன் நான். பத்தில் ஒரு பங்கு வைட்டமின் கிடைத்தாலும், நாளைக்கே ஒரு வீட்டம்மாவின் கையில் கொடுக்கக்கூடிய ஸ்ட்ரெய்ன்தான் எனக்குப் பெரிது.


ஜீன்வண்டி | ஜூன் 14, மதியம் 12:30

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. பர்ஜெஸ் குழுவே 2006இல் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ், லாக்டோபேசிலஸ் பிளான்டாரம், புரோபியோனிபாக்டீரியம் மூன்றிலும் ரோசியோஃபிளேவின் முறையைப் பொது முறையாகச் செய்து காட்டியிருக்கிறது. தம்பியின் இனமே அதில் இருக்கிறது. இத்தாலியில் பிளான்டாரம் மியூட்டன்டை வைத்து ரொட்டியும் பாஸ்தாவும் செய்து, பி2 இரண்டு மூன்று மடங்கு கூடியதை 2011இல் எழுதினார்கள். அர்ஜென்டினாவின் துக்குமானில் லேப்லாங் குழு எலிகளுக்கு முதலில் பி2 குறைபாட்டை உண்டாக்கி, பிறகு கூடுதலாகச் சுரக்கும் லாக்டோகாக்கஸ் போட்ட பால் கொடுத்து அதைச் சரி செய்தது. ஆக மாவில் முயல்வது வீண் முயற்சி இல்லை.


பத்தியம் | ஜூன் 14, மாலை 5:00

எலிகள் தேறிய செய்திக்கு நன்றி. மீடியத்தில் இவ்வளவு என்ற எண்ணைவிட, சாப்பிட்ட உடம்பு தேறியது என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஃபோலேட் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த வைட்டமினின் கதை பம்பாயில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே நெசவாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த ரத்தசோகையைப் பார்த்து, ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்று தெரிய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. தம்பியின் பிளேட்டைக் கெடுத்ததும் ஈஸ்ட் சாறு, அந்தப் பெண்களைக் காப்பாற்றியதும் ஈஸ்ட் சாறு.

தயிரில் ஃபோலேட் கூட்ட ஜீன் மாற்றமே வேண்டாம் என்றும் கேள்விப்பட்டேன், சரியா?


உறைமோர் | ஜூன் 14, இரவு 9:15

சரிதான் அம்மா. யோகர்ட்டில் இரண்டு பாக்டீரியா சேர்ந்து வேலை செய்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் ஃபோலேட் செய்து பெரும்பகுதியை வெளியே விடும். பல்கேரிகஸ் வகைகள் பெரும்பாலும் அதை எடுத்துச் சாப்பிடும். எந்த ஸ்ட்ரெய்ன் ஜோடி என்பதைப் பொறுத்து, பாலில் இருந்ததைவிடக் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஜோடி பொருத்தம் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. நம் வீட்டு உறைமோரில் கூட்டம் இன்னும் கலப்படமானது, அதனால் வீட்டுக்கு வீடு மாறும்.


புளிச்சமாவு | ஜூலை 9, இரவு 11:20

மன்னிக்கவும், நாள் ஆகிவிட்டது. உறைமோர் அண்ணா சொன்னபடி வேதி வரையறை மீடியம் செய்தேன். முதல் முறை கலங்கிப்போய்க் கொட்டிவிட்டேன், இரண்டாம் முறை சரியாக வந்தது. பி2 இல்லாமலே என் ஸ்ட்ரெய்ன் வளர்கிறது, மெதுவாக. நான்கு முறை மாற்றி ஊற்றியும் நிற்கவில்லை.

பிறகு மருந்து பிளேட். அகார் இளஞ்சிவப்பாக இருந்தது. வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி வைத்தேன். மூன்று நாள் வெறும் அகார்தான். நான்காம் நாள் காலையில் பிரித்தபோது ஊசி முனை அளவில் காலனிகள். மூன்று பிளேட்டிலும் சேர்த்து 31. கையெல்லாம் நடுங்கிவிட்டது.

எல்லாவற்றையும் மருந்தில்லாத திரவ மீடியத்தில் வளர்த்து, செல்லைச் சுழற்றி இறக்கிவிட்டு, மேலே நின்ற தெளிவை புற ஊதா விளக்கில் பார்த்தேன். 31 குழாயில் 4 மட்டும் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கின்றன. மீதி 27 தாய் ஸ்ட்ரெய்ன் மாதிரியே இருட்டு. மிதவை உடைந்தால்தானே பிழைக்க முடியும்? அப்படியென்றால் அந்த 27 எப்படிப் பிழைத்தன?


ஜீன்வண்டி | ஜூலை 10, காலை 8:00

வாழ்த்துகள் தம்பி! நான்கு கிடைத்ததே நல்ல அறுவடை.

அந்த 27இல் பலவும் வாசலைச் சாத்திக்கொண்டவையாக இருக்கலாம். ரோசியோஃபிளேவின் உள்ளே போவது ரைபோஃபிளேவினைக் கொண்டுவரும் அதே வண்டியில். லாக்டோகாக்கஸில் அதற்கு ரிப் யு. என்று பெயர். அந்தப் புரதத்தின் மரபணு உடைந்தால் விஷம் உள்ளேயே வராது. தன் பி2வைத் தானே அளவோடு செய்துகொண்டு, மிதவையும் சரியாக வேலை செய்ய, நிம்மதியாக வளரும். எதிர்ப்பு இருக்கும், உபரி இருக்காது. அதனால்தான் பிழைத்தது எல்லாம் சுரக்கும் என்று நம்பி ஒன்றிரண்டு காலனி மட்டும் எடுத்தால் ஏமாற்றம். 31ஐயும் பார்த்தது சரியான வேலை.

சுரக்கும் நான்கிலும் கூட மாற்றம் எங்கே என்று தெரியாது. பேசில்லஸில் ரிப் சி. என்ற மரபணு தளர்ந்தாலும் இதே விளைவு வரும். ரைபோஃபிளேவினை எஃப்.எம்.என். ஆக்கும் நொதி அது. எஃப்.எம்.என். குறைந்தால் பையில் உட்கார ஆள் இல்லை, சுவிட்ச் நன்றாக இருந்தும் திறந்தே கிடக்கும். அது வேண்டாத வகை. செல்லுக்கு எஃப்.எம்.என். பஞ்சம் என்பதால் வளர்ச்சி சுணங்கும்.


உறைமோர் | ஜூலை 10, மாலை 6:45

தம்பி, இந்தப் பதிவைப் படித்துவிட்டு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்து செய்ய வேண்டியது: நான்கிலும், தாயிலும், ரிப் ஓப்பரானின் முதல் மரபணுவுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் பி.சி.ஆர். செய்து, அதாவது படியெடுத்துப் பெருக்கி, வரிசை பாருங்கள். சில நூறு எழுத்துதான், செலவு குறைவு. மாற்றம் அங்கே இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் காலனியை ஒதுக்கி வையுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

விளக்கில் ஒளிர்வதை அளவு என்று எழுதிவிடாதீர்கள். பொருளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டினால்தான் எண். செல்லுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு, இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். அப்புறம் தாய்க்கும் மியூட்டன்டுக்கும் வளர்ச்சிக் கோடு போடுங்கள். மாவில் இது மற்ற பாக்டீரியாக்களோடு போட்டி போட்டு நிற்க வேண்டும். வேகம் குறைந்த கல்ச்சர் எவ்வளவு வைட்டமின் சுரந்தாலும், பத்து மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் மாவைப் பிடித்துவிடுவான். மருந்தில்லாத மீடியத்தில் நூறு தலைமுறை ஓட்டி, அதற்குப் பிறகும் சுரக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாற்றம் திரும்பிப் பழைய எழுத்தாகலாம். ஒரு துண்டே விழுந்துபோன மாற்றம் என்றால் திரும்பி வராது, அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மாவு உப்பி வருவதற்குக் காரணம் இந்த லியூகோனோஸ்டாக்தான் என்று 1965லேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் மியூட்டன்ட் போட்ட மாவு எழும்பும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். இட்லி கல்லாகிப்போனால் எந்த வைட்டமினுக்காகவும் யாரும் சாப்பிட மாட்டார்கள்.


பத்தியம் | ஜூலை 11, காலை 9:30

ஒரே ஒரு கேள்வி, பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன். சைவக் குடும்பங்களில் எனக்குப் பெரிய தலைவலி பி12தான். லாக்டிக் பாக்டீரியா பி12 செய்யும் என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். நம்பலாமா?


உறைமோர் | ஜூலை 11, இரவு 8:50

தொந்தரவே இல்லை அம்மா, கேட்டது நல்லதாகப் போயிற்று. இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

லாக்டோபேசிலஸ் ரியூட்டரி சி.ஆர்.எல்.1098 என்ற ஸ்ட்ரெய்ன், புளித்த ரொட்டி மாவிலிருந்து எடுத்தது, பி12 செய்கிறது என்று 2003இல் துக்குமான் குழு வெளியிட்டபோது எங்களுக்கெல்லாம் திருவிழா. லாக்டிக் பாக்டீரியாவில் பி12 கிடைப்பது லேசான விஷயம் இல்லை, இருபத்தைந்துக்கு மேல் மரபணுக்கள் வேண்டும். ஆனால் 2007இல் அதே ஸ்ட்ரெய்னின் பொருளைக் கூர்ந்து பார்த்தபோது, மூலக்கூறின் அடிப்பக்கத்தில் டைமீதைல்பென்ஸிமிடசோல் இருக்க வேண்டிய இடத்தில் அடினின் இருந்தது. போலி பி12. பாக்டீரியாவுக்கு அது போதும், வேலை நடக்கும். நம் வயிற்றில் சுரந்து, குடலில் பி12ஐப் பிடித்து உடம்பில் சேர வைக்கும் உள்ளகக் காரணிப் புரதம் அதைச் சரியாகப் பிடிக்காது.

இன்னொரு சிக்கல். பி12 அளக்கப் பழைய முறையில் ஒரு லாக்டோபேசிலஸை வளர்த்து, அது எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனை பாக்டீரியா போலியையும் சாப்பிட்டு வளரும். அறிக்கையில் நல்ல எண் வரும், சாப்பிட்டவருக்கு ஒன்றும் சேராது. ஆகவே பாக்கெட்டில் இருக்கும் எண் எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்களிடம் வருபவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்காதீர்கள், மாத்திரையே கொடுங்கள்.

உண்மையான பி12ஐச் செய்வது சுவிஸ் பாலாடைக்கட்டியில் ஓட்டை போடும் புரோபியோனிபாக்டீரியம் ஃப்ராய்டன்ரைக்கி. அது லாக்டிக் பாக்டீரியா இல்லை, ஆனால் லாக்டிக் பாக்டீரியா செய்யும் லாக்டேட்டைச் சாப்பிட்டு வாழ்வது. இரண்டையும் ஒன்றாக மாவில் பழக்க முடிந்தால் அங்கே ஒரு வழி இருக்கிறது.


விதைநெல் | ஜூலை 12, காலை 6:10

என் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொன்னதற்கு நன்றி ஐயா. தம்பி, உன் மாவு தயாரானதும் சொல். எங்கள் வயலில் விளைந்த பாரம்பரிய அரிசி இரண்டு கிலோ அனுப்புகிறேன். தீட்டாதது, தீட்டியது இரண்டிலும் ஓட்டிப் பார்.


புளிச்சமாவு | ஆகஸ்ட் 2, இரவு 10:05

வரிசை வந்துவிட்டது. நான்கில் மூன்றுக்கு ஓப்பரானுக்கு முன்னால் உள்ள பகுதியில் மாற்றம் இருக்கிறது. இரண்டில் ஒரே ஓர் எழுத்து. மூன்றாவதில் 17 எழுத்து கொண்ட துண்டு அப்படியே விழுந்திருக்கிறது, சரியாக அந்தப் பை மடியும் இடத்தில். நான்காவதில் அங்கே ஒன்றும் மாறவில்லை, அதுதான் வளர்ச்சியிலும் சுணங்குகிறது. ஜீன்வண்டி அண்ணா சொன்ன வகையாக இருக்கலாம், பெட்டியில் போட்டு உறைய வைத்துவிட்டேன்.

துண்டு விழுந்த அந்த மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டேன். தாயோடு ஒப்பிட்டால் வளர்ச்சிக் கோட்டில் அரை மணி நேரம்தான் பின்தங்கல். ஹெச்.பி.எல்.சி.க்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது, அதனால் எண் எதையும் இப்போது சொல்லவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு பாத்திரத்தில் மாவு கரைத்து, ஒன்றில் தாயும் ஒன்றில் மியூட்டன்டும் விட்டேன். காலையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். தாய் 6.5 சென்டிமீட்டர், மியூட்டன்ட் 6.2. அம்மா இரண்டையும் மோந்து பார்த்துவிட்டு, எது எது என்று தெரியவில்லை என்றார்.

விதைநெல் ஐயா, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வகை அரிசியும் அனுப்புங்கள்.